அரண் காக்கும் மீன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அடிப்பவர்தாம். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் அடித்தவரின் பெயர் மறுநாள் காலை தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்துவிடுகிறது. கபடியில் பாடிச் சென்று மூவரைத் தொட்டு மீண்டவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். மூலையில் காத்திருந்து, பாடி வந்தவரின் கணுக்காலைப் பற்றி நிறுத்தியவரை எத்தனை பேர் தேடிச் சென்று பாராட்டுகிறோம்?

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது அடிப்பதில் பெயர் பெறாத ஒரு வீரனை. அவ்வீரன் மனிதன் அல்லன், ஒரு மீன். அதுவும் கடலில் நீந்தும் மீன் அன்று. கைப்பேசித் திரையில் நீந்தும் மீன். பேராசிரியப் பெருமக்கள் புன்னகை செய்யலாம். ஆயினும் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

ஆட்டத்தின் இலக்கணம்

ஜப்பானைச் சேர்ந்த சத்தோஷி தஜிரி என்பவர் சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அந்த விருப்பத்திலிருந்து பிறந்ததே 'போக்கிமான்' என்னும் விளையாட்டு. அது 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை உயிரினங்கள் உள்ளன. அவற்றுள் ஆறு உயிரினங்களைத் தேர்ந்து ஓர் அணி அமைக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில் இரு தரப்பிலும் ஒவ்வொன்று களத்தில் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில் மறைவாக முடிவெடுப்பர். அடிக்கலாம், மருந்திடலாம், அல்லது களத்தில் நிற்பதை உள்ளே அழைத்து வேறொன்றை அனுப்பலாம். எதிரியின் ஆறும் வீழ்ந்தால் வெற்றி.

இதற்கான கருவியின் விலை எங்கள் வீட்டுக்கு எட்டாதது. எனினும் 'போக்கிமான் ஷோடவுன்' என்ற பெயரில் 2011இல் தொடங்கப்பட்ட இணைய அரங்கில் காசின்றி விளையாடலாம். சாதாரணக் கைப்பேசியே போதும். பாடங்களை முடித்த பின் இரவில் அரை மணி நேரம் நான் அங்கே செல்வதுண்டு.

மீனவர் துணை

என் அணியில் நீங்காத இடம் பெற்றது 'அலோமோமோலா' என்னும் இளஞ்சிவப்பு நிற மீன். இது 2010இல் அறிமுகமானது. காயம்பட்ட உயிரினங்களைத் தன் துடுப்புகளால் மென்மையாக அணைத்துக்கொள்ளும் என்றும், அதன் உடலைப் போர்த்தியுள்ள சவ்வு புண்களை ஆற்றும் என்றும் விளையாட்டின் குறிப்பேடு கூறுகிறது. இந்த மீன் உடன் இருந்தால் மருத்துவரும் மருந்தும் வேண்டியதில்லை. ஆகவே மீனவர்கள் நெடுந்தொலைவுப் பயணங்களில் இதனைக் கூட்டிச் செல்வர் என்றும் ஒரு குறிப்பு உண்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் செல்வோர் வாழும் மாவட்டம் நம்முடையது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கரை திரும்பாதவர்களை நாம் மறக்கவில்லை. அக்குறிப்பு நமக்கு வெறும் கற்பனையாகத் தோன்றுவதில்லை.

கணித மாணவன் என்ற முறையில் சில எண்களையும் சொல்ல வேண்டும். இம்மீனின் உயிர் அலகு 165. தாக்கும் வலிமையோ 75 மட்டுமே. நூறாம் நிலையில், உயிருக்கே முழுப் பயிற்சியும் அளித்தால் அதன் உயிர்ப்புள்ளி 534 ஆகும். 'விஷ்' என்னும் வித்தையை அது ஒரு சுற்றில் செய்தால், அடுத்த சுற்றின் முடிவில் அந்த இடத்தில் யார் நிற்கிறாரோ அவருக்கு 267 புள்ளிகள், அதாவது மீனின் உயிரில் சரிபாதி, வந்து சேரும். 'விஷ்' என்பதை நம் மொழியில் 'வேண்டுதல்' எனலாம். வேண்டிக்கொண்டவர் ஒருவர், நலம் பெறுபவர் இன்னொருவர்!

விரைந்து தாக்கும் 'டிராகபல்ட்' போன்ற வீரனின் உயிர்ப்புள்ளி, பயிற்சி ஏதும் இல்லாதபோது 317. மீனின் வேண்டுதல் ஒன்றே அதில் நூற்றுக்கு 84 பங்கை மீட்டுத் தந்துவிடும். சாகும் நிலையில் உள்ளே போன வீரன் புத்துயிர் பெற்று மீண்டும் போரிடுவான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த மீன் வேகம் குறைந்தது. அதுவே அதன் பலம். வேண்டுதல் செய்த மறு சுற்றில் எதிரி முந்திக்கொண்டு அடிக்கிறது. அந்த அடியை மீன் தாங்கிக்கொள்கிறது. அதன் பிறகே 'ஃபிளிப் டர்ன்' என்னும் வித்தையால் எதிரியை மெல்லத் தட்டிவிட்டு, தன் இடத்தைத் தோழனுக்கு விட்டுக்கொடுத்து உள்ளே செல்கிறது. தோழன் அடி படாமல் களத்துக்கு வருகிறான். சுற்று முடியும்போது வேண்டுதலும் பலிக்கிறது. மீன் வேகமாக இருந்திருந்தால் முதலில் அது வெளியேறியிருக்கும். அடி தோழன் மேல் விழுந்திருக்கும்.

அணிலின் வெற்றி

காப்பவரை நம்பி உலகப் போட்டியை வெல்ல முடியுமா என்று கேட்கலாம். வென்று காட்டியிருக்கிறார்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த போக்கிமான் உலகப் போட்டிக்குத் தென் கொரியாவின் சேஜுன் பார்க் வந்தார். அங்கே இரண்டிரண்டாகக் களம் இறங்கும் ஆட்டம். அவருடைய அணியில் கியாரடோஸ், கார்சோம்ப் போன்ற பயங்கர உருவங்களுக்கு நடுவே 'பச்சிரிசு' என்ற சின்னஞ்சிறு அணிலும் இருந்தது. பெரும்பாலோர் பொருட்படுத்தாத அணில் அது. 'ஃபாலோ மீ' என்னும் வித்தையால் எதிரிகளின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற தோழனைக் காத்தது. அவ்வாண்டின் முதுநிலைப் பிரிவுப் பட்டம் சேஜுன் பார்க்குக்கே கிடைத்தது. சேது கட்டியபோது மணல் சுமந்த அணிலின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை.

நம் மண்ணுக்கும் இக்கருத்து புதிதன்று. குமரி மாவட்டத்தின் அடிமுறை ஆசான்கள் வர்மங்கள் 108 என்பர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்பதை மட்டும் கற்றவர் ஆசான் ஆவதில்லை. விழுந்தவரை எழுப்பும் அடங்கலையும் இளக்குமுறையையும் அறிந்திருக்க வேண்டும். காக்கத் தெரிந்தவருக்கே அடிக்கும் உரிமை என்பது அவர்கள் வகுத்த நெறி.

அக்கா கேட்ட கேள்வி

ஓர் இரவு நான் விளையாடிக்கொண்டிருந்தபோது என் அக்கா அருகில் வந்து அமர்ந்தாள். அவள் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றே இருக்கும் வேலை. கால்களை நீட்டிக்கொண்டு திரையைப் பார்த்தவள், "இது என்ன மீனுலே? அடி வாங்கிட்டே இருக்கு?" என்றாள்.

நான் மேற்சொன்னவற்றை எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவள், "சரி, எல்லாருக்கும் இது மருந்து போடுகு. அதுக்க காயத்துக்கு யாரு மருந்து போடுவா?" என்றாள்.

"அதுக்கு 'ரீஜெனரேட்டர்'னு ஒரு குணம் உண்டுக்கா. களத்தை விட்டு உள்ளே வந்தா மூணுல ஒரு பங்கு உயிர் தானா ஏறிரும்."

"உள்ளே வந்தாத்தானே?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் தந்தை கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்தவர். முதுகு வலியால் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறார். தாயார் தோவாளைச் சந்தைக்காகப் பூக் கட்டுகிறார். அக்கா 2019இல் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவள். உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதற்குள் அவள் கடையில் மூன்று தீபாவளி வியாபாரம் பார்த்துவிட்டாள். அவள் ஊதியத்தில்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தேன். "தம்பியைப் படிக்க வச்சு நீ என்னத்தைக் கண்டே?" என்று உறவினர் கேட்டபோது அவள் மறுமொழி சொல்லவில்லை.

அலோமோமோலா எதிரிகள் ஆறையும் தனியாக வீழ்த்துவது அரிது. ஐவரும் வீழ்ந்து அது மட்டும் எஞ்சினால் பெரும்பாலும் ஆட்டம் போயிற்று. அது வாங்கித் தருவது வெற்றியை அன்று, காலத்தை. அந்தக் காலத்தைப் பயன்படுத்தி ஆட்டத்தை முடிக்க வேண்டியவன் அதனிடம் நலம் பெற்ற தோழன். எனக்குக் கிடைத்துள்ள ஆறு பருவங்களும் அவ்வாறு ஒருவர் நின்று வாங்கித் தந்தவை. இந்தக் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்கும் நம்மில் ஒவ்வொருவருக்கும் பின்னால் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

இதுவரை சொன்னதைப் பலரும் சொல்லிவிடுவார்கள். நன்றி என்ற சொல்லோடு நின்றும் விடுவார்கள். அக்கா கேட்ட கேள்வி அதற்கு அப்பால் செல்கிறது. காப்பவரின் புண் ஆறுவது அவர் உள்ளே அழைக்கப்படும்போதுதான். உள்ளே அழைக்க வேண்டுமானால் அந்த இடத்தில் நின்று அடி வாங்க இன்னொருவர் வர வேண்டும். வல்லவன் என்று எண்ணி மீனையே சுற்றுக்குச் சுற்று நிறுத்திவைக்கும் ஆட்டக்காரன் அதனை இழப்பான். பிறகு அணியையும் இழப்பான். மீனைத் திரும்ப அழைக்கத் தெரிந்தவனே நல்ல ஆட்டக்காரன்.

இடம் மாறிய சுற்று

சென்ற ஆண்டு, 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை வணிகவியலுக்கு அக்கா விண்ணப்பித்தாள். வகுப்பு நாள்களில் கடைக்கு விடுப்பு எடுத்தால் அன்றைய ஊதியம் இல்லை. அந்தக் குறையை நிரப்ப நான் முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறச் செல்கிறேன். நாஞ்சில் நாட்டுப் பந்தி என்றால் சும்மாவா? பருப்பு, அவியல், எரிசேரி, பிரதமன் என்று வரிசை தப்பாமல் ஓட வேண்டும். ஒரு நாளில் நான்கு பந்தி ஓடியபின், நின்றே வேலை செய்பவரின் கால் எப்படி வலிக்கும் என்பது நூல் படிக்காமலே விளங்குகிறது.

நண்பர்களே! இந்த விளையாட்டில் அடிப்பவனுக்குப் பெயர். காப்பவருக்குப் பொறுமை என்று பிரித்துவைத்து நாம் பழகிவிட்டோம். காக்கும் பணியைப் பெண்களின் பிறவிக்கடன் என்றும் சொல்லிவிடுகிறோம். என் அணியில் மீன் ஒரு சுற்றில் காக்கிறது. மறு சுற்றில் ஓய்கிறது. அது ஓயும் நேரத்தில் மற்றவை அதன் இடத்தில் நிற்கின்றன. வீட்டிலும் அம்முறை நடக்கலாம். உங்களுக்காகக் களத்தில் நிற்பவர் யார் என்று இன்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, ஒரு சுற்றாவது அவரை உள்ளே அழையுங்கள்.

அக்காவின் பாடங்களில் வணிகக் கணிதமும் ஒன்று. வட்டிக் கணக்கு அவளுக்கு நன்றாக வருகிறது. அணிக்கோவை மட்டும் பிடிபடவில்லை என்கிறாள். ஞாயிறு இரவுகளில் அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு இப்போது என்னுடையது.