செம்பாதி

மாத்திரை கற்பிக்கும் தமிழாசிரியனுக்குக் கணினிச் சில்லோடு யாது உறவு என அன்பர்கள் வினவலாம். அளவு பிறழாமையே அவ்வுறவு.

சில்லினுள் ஓடும் கடிகாரத் துடிப்பு மாறிமாறி உயரும், தாழும். செக்கனுக்கு 100 கோடி துடிப்பெனின், உயர்வுக்கு 500 பிக்கோசெக்கன், தாழ்வுக்கு 500 என்பதே செம்பாதி. ஆயின், ஏற்றும் திரான்சிற்றரும் இறக்கும் திரான்சிற்றரும் வலிமையில் முற்றும் ஒத்தன அல்ல. நெடுந்தொடரிற் சிறு வேற்றுமைகள் சேர்ந்து 550க்கு 450 ஆகிவிடலாம். ஏறு விளிம்பில் மட்டும் தொழில்புரியுஞ் சுற்று இதனைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டில் நியமம் வெளியான டீடீஆர் நினைவகமோ இரு விளிம்பிலுந் தரவு கொள்வது. குறுகிய பாதியில் தரவு பிழைபட இடமுண்டு.

திருத்தும் முறைகளுள் ஒன்று கேண்மின். துடிப்பின் சராசரி வோல்ற்றளவை வடிகட்டி எடுப்பர். அது வழங்கும் வோல்ற்றளவிற் பாதியாயின் செம்மை. கூடின் உயர்வு நீண்டது, குறையின் தாழ்வு நீண்டது. அவ்வேற்றுமையையே திருப்பிச் செலுத்தி விளிம்பை நகர்த்துவர். செம்பாதி எய்துமளவும் இது நிகழும்.

குறில் நீண்டாற் ‘கல்’ ‘கால்’ ஆகும், பொருள் கெடும். நீட்டி வாசிக்கும் மாணாக்கனைக் கடிந்தாற் குரல் ஒடுங்குமேயன்றிப் பிழை ஒடுங்காது. தன் ஒலியைத் தானே கேட்கச் செய்தால் திருந்துவான் என்பது வகுப்பறையில் யான் கண்ட உண்மை. சில்லைச் சமைத்தோரும் அந்நெறியே கொண்டனர். பிரம்பினும் செவி பெரிதென்பதை, மாணவர்காள், ஆசிரியராகுங்கால் மறவாதீர்.