கார்டுக்கும் உயிரெழுத்து உண்டா?

மலேசியாவின் பூச்சோங்கில் என் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கத்தில் பேத்தி தன் ஆங்கிலப் பயிற்சித்தாளைப் பரப்பிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் மகன் இணையத்தில் ஏதோ வாங்கும் பொருட்டுத் தன் கிரெடிட் கார்டை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பணப்பையின் உராய்வில் பின்புறத்து மூன்று இலக்கங்களில் நடுவிலிருந்தது தேய்ந்துபோய், மூன்றா எட்டா என்று நிச்சயிக்க முடியாத ஸ்திதி. அப்போது பேத்தி தலைநிமிர்ந்து, “தாத்தா, என் தாள்ல சி.வி.வி.சி.ன்னு போட்டிருக்கு, அப்பா போன் சி.வி.வி.ன்னு கேக்குது. கார்டுக்கும் உயிரெழுத்து இருக்கா?” என்றாள்.

மகன் சிரித்தான். பல வருஷம் தமிழ்ப்பள்ளியில் உழைத்த எனக்கோ, குழந்தையின் கேள்வியை அப்படி ஒதுக்கிவிட மனம் வரவில்லை. தாளில் சி என்பது மெய், வி என்பது உயிர். மெய்யிரண்டின் நடுவே உயிரிரண்டு நிற்கும் ‘போட்’, ‘ரெயின்’, ‘மீட்’ முதலிய சொற்களுக்கு அது ஒரு வாய்பாடு. கார்டிலோ அது ‘கார்டு வெரிஃபிகேஷன் வேல்யூ’ என்பதன் சுருக்கம். ஆக, சம்பந்தம் ஏதுமில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டின் பூர்வோத்தரத்தையும் அறியாமல் விடுவதில்லை என்று நூலகமும் கணினியுமாகச் சில வாரங்கள் அலைந்தேன்.

நம் இலக்கணத்தில் உயிர் முன் உயிர் வந்தால் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைக்கும். அளபெடையில் மட்டும் நெட்டெழுத்தை அடுத்து அதன் இனக்குறில் வந்து நிற்கும். அதுவும் ஓசை நீண்டது என்பதை யோக்கியமாக அறிவிக்கவே நிற்கிறது. ஆங்கிலத்து இரட்டையும் இத்தகையதே என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தது பிரமை. இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’டை ஈ, ஏ என்ற இரண்டெழுத்தாலும், சந்திப்பைக் குறிக்கும் ‘மீட்’டை இரண்டு ஈயாலும் எழுதுவதற்குக் காரணம், ஒரு காலத்தில் அவ்விரு சொற்களும் வேறு வேறு ஓசையுடன் வழங்கியதுதான். காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துகொண்டிருக்க, நெட்டுயிர்கள் யாவும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் இடம் பெயர்ந்தன. அப்பெயர்ச்சியில் அந்த இரண்டு ஓசைகளும் ஒன்றாயின, எழுத்து மட்டும் பிரிந்தே நின்றது. ‘கிரேட்’, ‘பிரேக்’, ‘ஸ்டேக்’ ஆகிய சொற்களோ அந்தப் பிரயாணத்தில் பின்தங்கிவிட்டன. இரண்டு உயிர் சேர்ந்து வந்தால் முதலது பேசும், மற்றது மௌனம் சாதிக்கும் என்று அமெரிக்கப் பள்ளிகளில் கற்பித்துவந்த விதியைத் தியோடர் கிளைமர் என்பவர் 1963இல் பாடநூற் சொற்களோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு 45தான் தேறுகிறது என்று கண்டார். பாதிக்கு மேல் பொய்க்கும் விதியை விதியென்று சொல்ல என் நாக்குக் கூசுகிறது.

பழைய எழுத்தை விடாத விஷயத்தில் நம்மூரும் இளைத்ததன்று. மலாய் எழுத்துச் சீர்திருத்தம் 1972 ஆகஸ்டு 16 முதல் சகர ஓசைக்கு எச் துணை வேண்டாம், சி ஒன்றே போதும் என்று விதித்தது. பூச்சோங்கின் பெயர்ப்பலகைகள் அந்த எச்சை இன்றளவும் உதறவில்லை.

கார்டின் கதை குறுகியது. 1995இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்டோன் என்பவர் 11 குறிகள் கொண்ட ஒரு சங்கேதத்தை யோசித்தார். அது சுருங்கி மூன்று இலக்கமாயிற்று. மாஸ்டர்கார்டு 1997இல் சி.வி.சி. என்ற பெயரால் அதை வழங்கலாயிற்று. அந்தப் பெயரும் ஒரு சொல் வாய்பாடாக அமைந்ததைக் கண்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. கார்டெண்ணைப்போல் இது புடைப்பாக இராது. ஆகவே கார்பன் தாள் வைத்துத் தேய்த்த பழைய ரசீதுகளில் பதியாது. காந்தப்பட்டையிலும் இராது; அங்கே இருப்பது வேறொரு மதிப்பு. பணம் அனுமதிக்கப்பட்டபின் வியாபாரி இதைச் சேமித்து வைப்பதும் விதிவிரோதம். கார்டெண்ணையும் காலாவதித் தேதியையும் வங்கி மட்டுமே அறிந்த ரகசியச் சாவியால் உருமாற்றி, அதன் விளைவிலிருந்து மூன்று இலக்கங்களைப் பொறுக்குகிறார்கள். முகப்பிலுள்ள எண்களை எத்தனை நேரம் உற்று நோக்கினும், சாவியில்லாதவனுக்குப் பின்புறத்து மூன்றும் பிடிபடா.

இந்த இடத்தில்தான், சம்பந்தமில்லை என்று நான் தள்ளியது மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. ‘மீட்’ என்ற ஓசையை மட்டும் கேட்ட குழந்தை எந்த இரட்டையை எழுதுவது என்று எப்படிக் கணக்கிடும்? அதற்குரிய சாவி ஐந்நூறு வருஷச் சரித்திரத்தினுள் கிடக்கிறது. அதன் கையிலோ விளைவு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் பேத்திக்குச் சொல்லி முடித்தேன். மகன் அதற்குள் புதிய கார்டுக்கு விண்ணப்பித்திருந்தான். அவள் தேய்ந்த பழைய கார்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா இத ‘கிரேட்’ மாதிரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கணும்” என்றாள்.