சார் இல்லையாம்மா?

எங்கள் வீட்டு ரேழியில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஒரு வெள்ளைப் பெட்டி ஒன்றரை வருஷம் உட்கார்ந்துகொண்டு என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா!

2022-ல் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்தது. மாட்ட வந்த பையன் மீட்டருக்குப் பக்கத்தில் சுவரில் துளை போட்டான். மெல்லிய கறுப்பு ஒயரை நிலைப்படியோரமாக மடக்கி ஆணி அடித்தான். பெட்டியைப் பொருத்திவிட்டு, "இங்கேதாம்மா ஈஸி" என்றான். யாருக்கு ஈஸி என்று நான் கேட்கவில்லை. அதுதான் முதல் தப்பு.

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய வீடு. ரேழி, கூடம், அப்புறம் இரண்டாம் கட்டு. ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடி கனம். சிங்கப்பூரில் இருக்கும் நான்கு குழந்தைகளுக்கு நான் சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் மூலம் தமிழ் சொல்லித் தருகிறேன். கூடத்தில் டி.வி. சத்தம் என்பதால் இரண்டாம் கட்டு அறைதான் என் பள்ளிக்கூடம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் பெயருக்கு வந்த முதல் சம்பாத்தியம் அது. தொகை சின்னதுதான். ஆனால் கைநீட்டி யாரிடமும் கேட்காமல் அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தேனே, அந்த சந்தோஷத்துக்கு விலை உண்டா?

வந்தது வினை. குறில், நெடில் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். திரையில் என் முகம் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும். "டீச்சர் சிலையாயிட்டாங்க!" என்று குழந்தைகள் கொல்லென்று சிரிக்கும்.

கம்பெனிக்குப் போன் செய்தால், "சார் இல்லையாம்மா? சார்கிட்ட கொடுங்க" என்பார்கள். சாருக்கு ஆபீஸ் என்றால், "பெட்டியை அணைச்சுட்டுப் போடுங்க" என்று ஒரே மருந்து. ஆள் வந்தால் ரேழியிலேயே நின்று தன் போனில் பார்த்துவிட்டு, "ஸ்பீடு நல்லா வருதே, உங்க கம்ப்யூட்டர்தான் பழசு" என்று சொல்லிப் போய்விடுவான். அவன் தெருமுனை திரும்புவதற்குள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எனக்குச் செய்தி வந்துவிடும்! இவரோ, "உனக்கும் மெஷினுக்கும் ராசியில்லை" என்றார். நானும் அதை நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

2023 நவம்பரில் ஒரு குழந்தையின் தாயார் பேசினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த மாசத்திலேர்ந்து வேற ஏற்பாடு பண்ணிக்கறோம்." அந்தக் குழந்தை 'ழ' சொல்லக் கற்றுக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பால் கணக்கு நோட்டை எடுத்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணன் பெண் போனில் சொல்லச் சொல்ல, அறை அறையாக வேகத்தை அளந்து எழுதினேன். பெட்டிக்குப் பக்கத்தில் 90, கூடத்தில் 35, இரண்டாம் கட்டில் வெறும் 4! அதே கம்ப்யூட்டர்தான். ஆக, குற்றம் கம்ப்யூட்டரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பெட்டி இருந்த இடம்தான் சரியில்லை.

"அத்தை, வைஃபை ரேடியோ அலைதான். இரண்டு தினுசு உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனா சுவரைத் தாண்டினா சோர்ந்துடும். 2.4 கொஞ்சம் மெதுவு, ஆனா தூரம் போகும். இரும்பு பீரோ குறுக்கே நின்னா ரெண்டுக்குமே கஷ்டம்" என்றாள் அவள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4 அலையில்தான் வேலை செய்கிறதாம். பக்கத்தில் வைத்தால் இடைஞ்சல்தான்.

ஒயர் விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதில் மின்சாரம் போவதில்லை, ஒளிதான் போகிறது. தூய கண்ணாடி இழை வழியே வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் எடுத்துச் சொன்ன விஞ்ஞானி சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒடித்து மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். நோபல் பரிசு பெற்ற சமாச்சாரத்தை நாங்கள் நிலைப்படியில் மடக்கி ஆணி அடித்து வைத்திருந்தோம்!

நோட்டும் கையுமாகப் போன் செய்தேன். "சார் இல்லையாம்மா?"

"சாருக்கு இது தெரியாது. எனக்குத்தான் தெரியும். என்கிட்டயே பேசுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம். மூன்று அறைகளின் அளவையும் படித்தேன். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். புகாருக்கு எண் தர வேண்டும், தீராவிட்டால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்று 2012-லேயே தொலைத்தொடர்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. அதையும் சொன்னேன்.

இரண்டே நாளில் ஆள் வந்தார். பெட்டி கூடத்துச் சுவரில் உயரே ஏறியது. மிச்ச ஒயரை அகலமான வளையமாகச் சுற்றி வைத்தார். அங்கிருந்து என் அறைக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துக்கொண்டேன். அது என் செலவு. போகும்போது, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்கம்மா?" என்று கேட்டார். "டீச்சர்" என்றேன்.

சகோதரிகளே, நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். துளை போடுவதற்கு முன்பே பெட்டிக்கு இடம் எதுவென்று நீங்கள் தீர்மானியுங்கள். அந்தக் காலத்து டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். இந்தப் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான் கதி. ஆகவே அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் பார்த்து ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம்; அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, புகார் செய்யுங்கள். அறுந்த இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை!

போன குழந்தை திரும்பி வரவில்லை. அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. மற்ற மூவரும் இருக்கிறார்கள், புதிதாக இன்னொருத்தியும் சேர்ந்திருக்கிறாள்.

போன வாரம் இவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "இன்டர்நெட் வரலையே, என்னன்னு கொஞ்சம் பாரேன்!"

வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். "அம்மா இருக்காங்க, இதோ வராங்க" என்று மட்டும் சொன்னேன்.