இருட்டை எண்ணிய இரவுகள்

என் அப்பா ஜாகா வேலை பார்த்தவர். காலாங் பக்கம் ஒரு கிடங்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவுக் காவல். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் தொழில்நுட்பராகச் சேர்ந்தபோது, "என்ன வேலைப்பா?" என்று கேட்டார்.

"இருட்டு ரூம்ல உட்கார்ந்து வெளிச்சத்தை எண்ணணும்பா."

சிரித்துவிட்டார். "அப்ப நீயும் ஜாகாதான்!"

வெளிச்சத்தை எண்ண முடியுமா? முடியும். நம் கண்ணுக்கு ஒளி தண்ணீரைப் போலத் தொடர்ந்து ஓடுவதாகத் தெரிகிறது. ஆனால் அது பொட்டலம் பொட்டலமாகத்தான் வருகிறது என்று 1905ஆம் ஆண்டிலேயே ஐன்ஸ்டைன் சொன்னார். அந்தப் பொட்டலத்தின் பெயர்தான் ஃபோட்டான்.

எங்கள் கருவியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் முகப்பில் உள்ள பூச்சில் ஒரு ஃபோட்டான் பட்டால், சில வேளைகளில் ஓர் எலக்ட்ரான் துள்ளி வெளியே வரும். உள்ளே கொடுத்திருக்கும் ஏறத்தாழ 1,000 வோல்ட் மின்னழுத்தம் அதை இழுத்து ஒரு தகட்டில் மோதவிடும். ஒன்று மோதினால் நான்கு கிளம்பும். நான்கும் அடுத்த தகட்டில் மோதிப் பதினாறாகும். பத்துத் தகடுகளைத் தாண்டும்போது ஒன்று பத்து லட்சமாகி, சிறு மின்துடிப்பாக வெளியே வரும். எண்ணுமானி அதை 'ஒன்று' என்று குறித்துக்கொள்ளும்.

சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது வேறு. பெட்டியில் எதுவும் வைக்காமல் இறுக மூடினாலும் எண்ணுமானி ஓடிக்கொண்டே இருந்தது! வினாடிக்குச் சுமார் 40. அறையின் வெப்பமே பூச்சிலிருந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. 'இருட்டு எண்ணிக்கை' என்பார்கள். வீட்டில் அலுத்துக்கொண்டேன்.

"கள்ளன் வராத ராத்திரியிலயும் கிடங்குல சத்தம் இருக்கும்," என்றார் அப்பா. "தகரம் குளிர்ந்தா டக்குங்கும். எலி ஓடும். முதல்ல அதைக் கேட்டுப் பழகணும். அப்பதான் புதுச் சத்தம் காதுல விழும்."

அப்போது ஈப்போவிலிருந்து வந்த மாணவி ஒருவர் இலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பச்சை இலையை வெளிச்சத்தில் வைத்துவிட்டு இருட்டுக்குள் கொண்டுபோனால், சிறிது நேரம் அது மிக மங்கலாக ஒளியை உமிழும். கண்ணால் பார்க்க முடியாது. எண்ணத்தான் வேண்டும். இலையுடன் 100 வினாடிகளில் 6,000. இலை இல்லாமல் 4,000. வித்தியாசம் 2,000. எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் கூடிக் குறையும். இந்தக் கணக்கில் அந்தத் தடுமாற்றம் 100தான். ஆகவே 2,000ஐ நம்பலாம்.

ஒருநாள் மாலை அவர் இருட்டு எண்ணிக்கையை எடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் குழாயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் துடைத்தேன். அறை விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். மின்சாரம் இல்லாததால் குழாய் பழுதாகவில்லை. ஆனால் வெளிச்சம் பட்ட குழாய் அடங்கப் பல மணி நேரமாகும். அதுவரை எண்ணிக்கை எகிறும். அது தெரிந்திருந்தும், மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அன்றிரவு இலையை வைத்ததும் வினாடிக்கு 300 காட்டியது. "அண்ணே, பாருங்க!" என்று துள்ளினார் அவர். மறுநாள் காலை பேராசிரியரிடம் காட்டப்போவதாகச் சொன்னார்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பேருந்து நிறுத்தம் வரை போனவன் திரும்பி வந்தேன். "இலையை எடுத்துட்டு ஒரு தடவை எண்ணிப் பாரும்மா," என்றேன். எண்ணினார். 290. அவர் முகம் வாடியது. நடந்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு ஒரு கதை சொன்னார். 1951ல் ஸ்ட்ரெலர், ஆர்னால்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், மின்மினிப் பூச்சியின் சாற்றைத் தாவரப் பொருளோடு சேர்த்து ஒளியை அளந்தார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க, மின்மினிச் சாறு இல்லாமலும் அளந்தார்கள். அப்போதும் ஒளி வந்தது. இலை தானே ஒளிர்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. "சும்மா எண்ணிப் பார்த்ததுலதான் இந்த ஆராய்ச்சியே பிறந்துச்சு அண்ணே. நான்தான் மறந்துட்டேன்," என்றார்.

மறுநாள் பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். பெட்டியைத் திறந்தால் நேரத்தோடு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது உடனே எதுவும் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே, "நானும் ஒரு ராத்திரி தூங்கிட்டேன்," என்றார். "ஒண்ணும் களவு போகல. ஆனா காலையில மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். சொல்லாம விட்டிருந்தா, மத்த ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன்னு எனக்கே நம்பிக்கை வந்திருக்காது."