4000 ஆண்டு எலும்பு சொல்வது

ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே பாலாத்தலில் தோண்டியெடுத்த, சுமார் 4000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடயம் இருப்பதாக 2009-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மூக்கைச் சுற்றிய எலும்பும் மேல்தாடையும் அரித்துப்போயிருந்தன. நோய் முற்றினால்தான் எலும்பு இப்படி அரிக்கும். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது.

இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் புதுவாயல் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் என் பழைய மாணவன் ஒருவன், கையில் உணர்ச்சியில்லாத தேமல் வந்தும், வேலை போய்விடுமோ என்று 2 வருடம் மறைத்துவிட்டான். அதற்குள் 2 விரல்கள் மடங்கிவிட்டன.

தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். மறைக்க வேண்டாம், பிள்ளைகளே.