கொல்லைப்புறத்தில் ஒரு தொண்டு

முருகப் பெருமானின் திருக்கொடியில் சேவல் வீற்றிருக்கிறது. வேலால் பிளவுபட்ட சூரபதுமனின் ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் மாறியதென்று கந்தபுராணம் கூறுகிறது. எதிர்த்து நின்ற பகைவனையே ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்றுக்கொண்ட அந்தக் கருணையை எண்ணி, கந்த சஷ்டி நாளில் அன்பர்கள் கண் கலங்குவர். அந்தச் சேவலின் இனத்தைச் சேர்ந்த பேடு ஒன்று கொல்லைப்புறத்தில் கால் ஊன்ற முடியாமல் நின்றால், அதைத் திரும்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் வளர்த்தவை எட்டு நாட்டுக்கோழிகள். முட்டை விற்ற காசில் ஒரு பங்கு, கிருத்திகைதோறும் ஊர்க் கோயிலின் முருகன் சந்நிதி விளக்குக்கு எண்ணெயாகப் போய்ச் சேரும். அவற்றுள் செவலை நிறப் பேடு ஒன்று, ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்ததும் மற்றவற்றோடு ஓடி வராமல் ஒற்றைக் காலில் நின்றது.

கோழி ஒற்றைக் காலில் நிற்பதெல்லாம் நோயன்று. ஓய்வின்போதும் குளிரின்போதும் ஒரு காலை இறகுக்குள் மடக்கிக்கொள்வது அதன் இயல்பு. தீனி தூவிய பிறகும் காலை ஊன்றாமல் நின்றால்தான் கவலைக்குரியது. செவலை அப்படித்தான் நின்றது.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இனிமே இது எங்கே பாட்டி முட்டை போடப் போகுது? ஞாயித்துக்கிழமை குழம்புக்கு ஆகும்" என்றாள். மூதாட்டி கோபிக்கவில்லை. "ரெண்டு வருஷமா கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. நாலு நாள் வாங்கிக்கட்டுமேம்மா" என்றார்.

பொழுது சாய்ந்ததும் கோழிக்குப் பார்வை மங்கும், திமிறாது. அந்த நேரம் பார்த்து அதைப் பிடித்து, சிறகுகளைச் சேர்த்து ஒரு பழந்துணியால் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மார்பை அழுத்தாமல் பார்த்துக்கொண்டார். மனிதருக்கு உள்ளதைப் போன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு.

உள்ளங்காலின் நடுவே கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. கொல்லையில் கிடந்த சீமைக்கருவேல விறகின் முள் தைத்த வழியே கிருமி புகுந்திருந்தது. மனிதரின் புண்ணில் சீழ் வடியும். பறவையின் சீழோ கட்டியாக இறுகிவிடும், பிதுக்கினால் வெளிவராது. அழுத்த அழுத்தக் கிருமி உள்ளே பரவுவதே மிச்சம். மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு விட்டுவிடலாம் என்று வீட்டிலிருந்தோர் கூறினர். மேற்புண் என்றால் சரி, இது ஆழமான புண் என்று உணர்ந்த மூதாட்டி, மறுநாள் பேரனின் துணையோடு கோழியை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்றார்.

மருத்துவர் முள்ளையும் இறுகிய சீழையும் நீக்கி, மருந்து கொடுத்தார். வெதுவெதுப்பான உப்பு நீரில் புண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றி, பொவிடோன் அயோடின் தடவி, மெல்லிய துணி வைத்துக் கட்டும் முறையையும் கற்றுக்கொடுத்தார். கட்டு இறுகினால் விரல்கள் வீங்கும். ஆகவே தினமும் பார்க்க வேண்டும். அந்தக் கிருமி மனிதரையும் பற்றக்கூடியது என்பதால், ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும். மருந்து முடிந்த பிறகும் தாம் குறிப்பிட்ட நாள்வரை முட்டையை உண்ணலாகாது என்றும், மனிதருக்கான வலி மாத்திரையைக் கோழிக்குக் கொடுக்கவே கூடாது என்றும் எச்சரித்தார்.

கட்டுப் போடுவது எளிதாகவே இருந்தது. கோழியை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வியாயிற்று. நொண்டும் கோழியை மற்றவை கொத்தும். இரத்தம் கண்டால் மேலும் கொத்தும். ஆகவே தனியே வைத்தாக வேண்டும். பின்கட்டு அறையில் அடைத்துவிடலாம் என்றனர் வீட்டார். மூதாட்டி உடன்படவில்லை. மற்றக் கோழிகள் மேயும் இடத்தின் ஓரமாக, தாழ்வாரத்தில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, பஞ்சாரத்தின் கீழ் வைத்தார்.

அதற்குக் காரணம் உண்டு. கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, தமக்குள் ஒரு வரிசை வகுத்துக்கொண்டு வாழ்பவை. பல நாள் கண்ணில் படாத கோழி திரும்பி வந்தால், அதை அயல் கோழியாகவே கருதித் துரத்தும். காயம்பட்டதற்குத் தனியிடம் வேண்டும். ஆனால் கூட்டம் அதன் பார்வையிலும், அது கூட்டத்தின் பார்வையிலும் இருக்க வேண்டும்.

மூதாட்டிக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. முந்திய ஆண்டு அவருக்கு முழங்கால் வலி மிகுந்தபோது, பிள்ளைகள் அன்போடுதான் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தனர். வேளை தவறாமல் உணவும் மருந்தும் அங்கேயே வந்தன. குறை சொல்ல எதுவுமில்லை. ஆயினும் வீட்டின் பேச்சுக்குரல் அங்கே எட்டவில்லை. பத்தாம் நாள் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னார். அவரது வலி அதனால் குறைந்துவிடவில்லை. இரவில் உறக்கம் மட்டும் வந்தது.

மூன்றாம் வாரத்தில் செவலை காலை ஊன்றியது. இருட்டிய பின் அதை மற்றவற்றின் நடுவே அடைகழியில் ஏற்றிவிட்டார். காலையில் ஒரு கோழி இரண்டு முறை கொத்திப் பார்த்தது, பிறகு அடங்கிவிட்டது. சிறிது நொண்டல் எஞ்சியது. முட்டையும் முன்னைவிடக் குறைவுதான். கிருத்திகை விளக்குக்கு எண்ணெய் மட்டும் வழக்கம்போல் சென்றது. அதில் செவலையின் பங்கு எவ்வளவு என்று மூதாட்டி கணக்குப் பார்க்கவில்லை.

கோழி வளர்ப்போர் வாரம் ஒரு முறையேனும் அவற்றின் பாதங்களைப் பார்ப்பது நலம். கொல்லையில் முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கலாகாது. அடையும் கழி சொரசொரப்பின்றி, பாதம் பரவி நிற்கும் அகலத்துடன், தாழ்வாக இருக்கட்டும். உயரத்திலிருந்து குதிக்கும்போதும் பாதம் புண்படும். உதிர்ந்த தலைமுடியும் நூலும் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும். கண்டவுடன் மெல்ல வெட்டி எடுக்க வேண்டும். எலும்பு முறிந்து கால் தொங்கினால் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கொடியிலுள்ள சேவலை வணங்க, அண்ணாந்து பார்த்தால் போதும். கொல்லையிலுள்ள கோழியின் பாதத்தைப் பார்க்கக் குனிய வேண்டும். முதுமையில் அது எளிதன்று. குனிய இயலாதவர்கள் பேரக்குழந்தையை அருகில் அழைத்து, கோழியை நோகாமல் பிடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கலாம். அதுவும் ஆறுமுகனுக்குச் செய்யும் தொண்டே.