மூக்கைத் தாழ்த்தும் பஸ்

புனேயின் சொகுசு பஸ்களைச் சுமப்பது இரும்பல்ல, காற்று. அது கசிந்தால் கதை மாறுகிறது.

விடிகாலையில் புனேயின் பணிமனைகளில் டிரைவர்கள் வண்டியைப் பார்க்கும் பார்வையில் இரண்டு வகை உண்டு. இரும்புப் பட்டை வைத்த சாதாரண பஸ்காரர் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறார். ஏர் சஸ்பென்ஷன் பஸ்காரரோ பத்தடி தள்ளி நின்று பார்க்கிறார். முன்சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையே எத்தனை விரல் கடை இருக்கிறது? நேற்று இரவு நிறுத்தியபோது இருந்தது இருக்கிறதா? குறைந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது, அல்லது கசிவதுபோல ஏதோ ஒன்று நடிக்கிறது.

பஸ்ஸைப் பற்றிப் பேசப் பொருத்தமான ஊர்தான் இது. சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு, 1948 ஜூன் 1 அன்று, பம்பாய் அரசுப் போக்குவரத்தின் முதல் பஸ் புனேயிலிருந்துதான் அகமத்நகருக்குப் புறப்பட்டது. மகாராஷ்டிர அரசு போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனைகளில் ஒன்று தாபோடியில் இருக்கிறது. போசரியில் மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம். கோத்ரூடு பக்கத்துக் குன்றில் வாகன ஆராய்ச்சிக் கழகமான ஏஆர்ஏஐ. பிம்ப்ரியிலும் ஆகுர்டியிலும் வாகனத் தொழிற்சாலைகள். வண்டி கெட்டுப்போவதென்றால் இந்த ஊரில் கெட்டுப்போவது ஒருவகையில் அதிர்ஷ்டம்.

காற்றின் மேல் பஸ்ஸை உட்கார வைக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் 1950களிலேயே கிரேஹவுண்டு பஸ்களில் அது வந்துவிட்டது. இந்தியப் பயணிக்கு அந்தச் சுகம் பரவலாகத் தெரியவந்தது 2001-ல் வோல்வோ பஸ்கள் இங்கே அறிமுகமான பிறகு. அடுத்த ஆண்டே மும்பை-புனே விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. சுமார் 95 கி.மீ. ஆறு வழிச்சாலை, நடுவே போர்காட் மலை இறக்கம். சிவாஜி பிறந்த கோட்டையின் பெயரைத் தாங்கிய 'சிவ்நேரி' பஸ்கள் அந்தச் சாலையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. (அந்த மலைப்பாதையில் தமிழர்களுக்குப் பரிச்சயமான பெயர் ஒன்றும் இருந்தது. விளம்பரப் பலகையால் 'அமிர்தாஞ்சன் பாலம்' என்றே அழைக்கப்பட்ட வெள்ளைக்காரர் காலத்துப் பாலம் அது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை வெறிச்சோடியிருந்தபோது இடிக்கப்பட்டது.)

பயணி உணரும் சுகத்துக்குக் காரணம் தடித்த ரப்பர் பைகள். உள்ளே நைலான் இழைகள் ஓடும். பொதுவாக முன்அச்சில் இரண்டு, பின்அச்சில் நான்கு. எஞ்சினோடு சுழலும் கம்ப்ரசர் தொட்டிகளில் சுமார் 8 பார் அழுத்தத்தில், சில வண்டிகளில் அதற்கும் மேல், காற்றைச் சேமிக்கிறது. ஆள் ஏறி பஸ் அமுங்கினால் லெவலிங் வால்வு என்ற சின்னக் கருவி பைக்குள் காற்றை விடுகிறது, இறங்கினால் வெளியேற்றுகிறது. ஐந்து பேர் இருந்தாலும் நாற்பத்தைந்து பேர் இருந்தாலும் பஸ் ஒரே உயரத்தில் நிற்பது இதனால்தான்.

கோளாறு பிடிபடாமல் போவதும் இதனால்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை கசிந்த காற்றைக் கம்ப்ரசர் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். இரவு நிறுத்திய பிறகே குட்டு வெளிப்படும். பின்பை கசிந்தால் பஸ் ஒரு தோளைச் சாய்க்கும். பெரும்பாலான வண்டிகளில் பின்அச்சுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி வால்வு. முன்அச்சுக்கோ பல வண்டிகளில் ஒரே வால்வுதான். இரண்டு பைகளும் ஒரே குழாயில் பேசிக்கொள்பவை. ஆகவே எந்தப் பை ஓட்டையானாலும் வண்டி சாயாது, மூக்கைத் தாழ்த்தும். எந்தப் பக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது.

இங்கேதான் சோப்புத் தண்ணீர் வருகிறது. எத்தனை கம்ப்யூட்டர் சோதனை வந்தாலும் இதை யாரும் வெல்லவில்லை. தொட்டி நிறையக் காற்றேற்றி, எஞ்சினை அணைத்து, பையின் மடிப்பு, அது தகட்டைச் சந்திக்கும் விளிம்பு, குழாய் இணைப்புகள் என்று நுரையைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். அவசரக்காரர்கள் நேராகப் புதுப் பை வாங்கிவிடுகிறார்கள். பல சமயம் குற்றவாளி பையே அல்ல. லெவலிங் வால்வின் வெளியேற்று வாயிலிருந்தோ நைலான் குழாய் நுழையும் முனையிலிருந்தோ காற்று போய்க்கொண்டிருக்கும். புதுப் பை மாட்டிய மறுநாளும் பஸ் அதேபோல மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

பையே கிழிந்திருந்தால் அது ஏன் கிழிந்தது என்பது அடுத்த கேள்வி. ரப்பருக்கு வயதாகி மடிப்பில் வெடிப்பு விட்டிருக்கலாம். மழைக்காலச் சேறும் பொடிக்கல்லும் மடிப்புக்குள் புகுந்து அராவியிருக்கலாம். அதிகம் கவனிக்கப்படாதது ஷாக் அப்சார்பர். பல வண்டிகளில் சக்கரம் பள்ளத்தில் விழும்போது பை எல்லை மீறி இழுபடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அது செத்துப்போன வண்டியில் எத்தனை புதுப் பை மாட்டினாலும் ஆயுள் குறைவு. புனேக்காரர்களுக்கு வேகத்தடை விஷயத்தில் தாராள மனசு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றுப் போன பஸ் உடனே கவிழ்ந்துவிடாது. உள்ளே ரப்பர் முட்டு இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து மெதுவாகப் பணிமனைக்குப் போய்விடலாம். ஆனால் போர்காட்டில் இறங்குவது வேறு விஷயம். பிரேக்கும் அதே கம்ப்ரசரின் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. சஸ்பென்ஷன் கசிவு பிரேக் காற்றை முழுவதும் உறிஞ்சிவிடாமல் பாதுகாப்பு வால்வு தடுக்கும். ஆனாலும் நாள் முழுவதும் ஓய்வில்லாமல் உழைக்கும் கம்ப்ரசர் சூடாகி எண்ணெயைக் கக்கும். ஏர் டிரையர் திணறி, ஈரம் பிரேக் குழாய்கள்வரை போகும். சீட்டு விற்றாகிவிட்டது, பயணிகள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக மூக்குத் தாழ்ந்த வண்டியை மலையிறக்கத்துக்கு அனுப்புவது சரியான முடிவல்ல. மாற்று பஸ் தேடுவது நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும்.

பழுது பார்ப்பவருக்கும் ஆபத்து காத்திருக்கிறது. காற்றில் நிற்கும் பஸ்ஸின் அடியில் ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது. பை திடீரென்று விட்டுக்கொடுத்தால் பல டன் எடை சில அங்குலம் இறங்கும். அடியில் இருப்பவருக்கு அந்தச் சில அங்குலமே போதும். பையைக் கழற்றுமுன் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். அவசரத்தில் விடுபடுவதும் இந்த இரண்டு வேலைகள்தான்.

2021-ல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு லோனாவாலாவுக்கும் மகாபலேஷ்வருக்கும் போகும் ஆசை மெல்லப் பரவுகிறது. வேன்மேல் கட்டிய கேரவன்களில் பெரும்பாலும் இரும்புப் பட்டைதான், கவலையில்லை. பெரிய பஸ்ஸை வீடாக்கியவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி. பஸ் தினமும் ஓடுகிறது. கேரவன் வாரக்கணக்கில் நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் கட்டிலும் இரவும் பகலும் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. காற்றில்லாமல் மடிந்தே கிடக்கும் ரப்பர் மடிப்பிலேயே வெடிக்கிறது. அவ்வப்போது எஞ்சினை ஓட்டிக் காற்றேற்றிவைப்பதும், நெடுநாள் நிறுத்தினால் சட்டத்துக்கு முட்டுக் கொடுப்பதும் செலவில்லாத வைத்தியம்.

ஒரே செயல் இடத்துக்கு இடம் பெயர் மாறுவது வேடிக்கை. 2019 முதல் புனே நகரத்தில் மின்சார பஸ்கள் ஓடுகின்றன. தாழ்தள நகர பஸ்களில் முதியவர்கள் ஏறுவதற்காக டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தி, வேண்டுமென்றே காற்றை இறக்கிப் பஸ்ஸை மண்டியிட வைக்கும் வசதி உண்டு. நகரத்தில் அது உபசாரம், நெடுஞ்சாலையில் கோளாறு.

2022 ஜூன் 1 அன்று, 1948-ன் அதே தடத்தில், 'சிவாய்' என்ற மின்சார பஸ் புனேயிலிருந்து அகமத்நகருக்குப் புறப்பட்டது. அதில் டீசல் எஞ்சின் இல்லை. கம்ப்ரசரைச் சுழற்ற ஒரு மின் மோட்டார். சத்தமில்லாத வண்டி என்பதால் கசிவின் 'ஸ்ஸ்' காதுக்குத் தெளிவாகவே கேட்கும்.